மஞ்சள் முக்கோணமும் அனாமத்துக் கணக்கும்

(டிஸ்கி: நான் இன்ஜினியர் இல்லை. சிவில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டால் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

நான் படிப்பது பி.காம். இறுதி ஆண்டு. எனக்கும் ரோடு போடுவதற்கும் இருக்கிற ஒரே சம்பந்தம், தினமும் டவுன் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே கல்லூரிக்குப் போவதுதான். அப்படிப்பட்டவன் சாலை வடிவமைக்கிற சாஃப்ட்வேரைப் பற்றி எழுத வந்தால் "இவனுக்கு எதுக்குடா இந்த வேலை" என்றுதான் தோன்றும். நியாயம்தான். ஆனால் போன செமஸ்டர் விடுமுறையில் மூன்று ராத்திரி இந்த விஷயத்தோடுதான் விழித்திருந்தேன். அப்போது தோன்றிய ஒரு கருத்து இன்னும் மண்டையில் உட்கார்ந்திருக்கிறது. எழுதிவிட்டால் இறங்கிவிடும்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, சிவில் முடித்துவிட்டு ஒரு சின்ன டிசைன் ஆபீசில் வேலை பார்க்கிறாள். முதல் வேலை. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கல்லூரிக்குப் பக்கம் என்பதால் நான் தங்கியிருப்பதும் அவர்கள் வீட்டில்தான். அவளுக்குக் கொடுத்திருந்த வேலை இது: ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பழைய சாலையை அகலப்படுத்த வேண்டும், வளைவுகளை 80 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும். எப்போதோ யாரோ ஆட்டோகேடில் போட்ட வரைபடம் ஒன்று கையில் இருந்தது. அதை சிவில் 3டி சாஃப்ட்வேரில் கொண்டுவந்து அலைன்மென்ட் ஆக்கினாள். திரையில் அழகாகக் கோடு வந்தது. கூடவே பதினோரு இடங்களில் மஞ்சள் முக்கோணமும் வந்தது. நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. 'இங்கே ஏதோ சரியில்லை' என்று சாஃப்ட்வேர் கை காட்டுகிறது.

ஆபீசில் சீனியரிடம் காட்டியிருக்கிறாள். "இதெல்லாம் அது அப்படித்தாம்மா காட்டும். டிஸ்ப்ளேயை ஆஃப் பண்ணிட்டு ஷீட் எடுத்துடு. பாக்கிறவங்க பி.டி.எஃப்.தான் பாக்கப் போறாங்க" என்றாராம். இன்னும் இரண்டு வழியும் சொல்லிக்கொடுத்தாராம். ஒன்று, அந்த வளைவு வருகிற இடத்தில் மட்டும் சாஃப்ட்வேருக்குள் வேகத்தைக் குறைத்துப் போட்டுவிடுவது. இன்னொன்று, விதிமுறைகள் இருக்கிற கோப்பையே திறந்து, குறைந்தபட்ச ஆரத்தை மாற்றிவிடுவது. பாஸ் மார்க்கை 35-லிருந்து 20 ஆக்கிவிட்டால் வகுப்பில் எல்லாரும் பாஸ். அந்தக் கதைதான் :-)

அக்காவுக்கு மனசு வரவில்லை. லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் பாடம்தான் ஞாபகம் வந்தது. இருப்பாய்வு போடுகிறோம். பற்றும் வரவும் சமமாக வரவில்லை. எங்கே தப்பு என்று தேட நேரமில்லை. என்ன செய்வோம்? வித்தியாசத்தைத் தூக்கி 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு தலைப்பில் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் சமம் என்று கோடு இழுத்துவிடுவோம். பிறகு பிழைகளைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கை முடிக்க வேண்டும் என்பதுதான் பாடம். அதாவது அது ஒரு தற்காலிக ஏற்பாடு. முடிக்காமலே விட்டுவிட்டால் அதற்குப் பெயர் ஏற்பாடு இல்லை, மறைப்பு. முக்கோணத்தை ஆஃப் செய்வதும் அதுதான். ஒரு வித்தியாசம்: எங்கள் அனாமத்தாவது புத்தகத்தில் பெயரோடு நிற்கும். இங்கே அந்தத் தடயமும் இல்லை.

இனி அந்த மூன்று ராத்திரியில் என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்கிறேன். (கண்டுபிடித்தது அக்கா. நான் டீ போட்டேன், கால்குலேட்டர் தட்டினேன்.)

அலைன்மென்ட் என்றால் என்ன?

ஒரு சாலையின் நடுக்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோடு, வளைவு, மறுபடி நேர்கோடு என்று போகும். இரண்டு நேர்கோடுகளை நீட்டினால் சந்திக்கிற முனைக்கு பி.ஐ. என்று பெயர். அந்த முனையில் சாலை எவ்வளவு திரும்புகிறதோ அது விலகு கோணம். அந்த முனையை மழுக்கி உள்ளே ஒரு வட்ட வில்லை வைக்கிறார்கள். வளைவு ஆரம்பிக்கிற இடத்தில் அந்த வில்லுக்கு நேர்கோடு தொடுகோடாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் படித்த அதே தொடுகோடுதான். அப்போது "இது வாழ்க்கைல எங்கடா உதவப் போகுது" என்று கேட்டவன் நான். இங்கேதான் உதவுகிறது.

நேர்கோட்டிலிருந்து சட்டென்று வட்டத்துக்குப் போனால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஒரே கணத்தில் திருப்ப வேண்டியிருக்கும். அதனால் நடுவில் 'டிரான்சிஷன்' என்று ஒரு மாறு வளைவு வைப்பார்கள். அதில் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போய் வட்டத்தில் சேரும். சாலையின் வெளி விளிம்பை உயர்த்துவதும் (பஸ் வளைவில் உள்பக்கம் சாய்கிற மாதிரி இருக்குமே, அது) அந்த நீளத்துக்குள்தான் நடக்கும்.

முதல் தப்பு: ஒட்டியது போல் இருந்தது

பதினொன்றில் ஒன்பது முக்கோணங்கள் ஒரே ரகம். நேர்கோடும் வளைவும் சேருகிற இடத்தில் தொடுகோடு இல்லை. கண்ணுக்கு ஒட்டியிருப்பது போலத்தான் தெரிகிறது. உள்ளே உள்ளே போய்ப் பெரிதாக்கிப் பார்த்தால் லேசான ஒரு முறிவு. பழைய வரைபடம் போட்டவர் சர்வே புள்ளிகளைப் பார்த்து, கண்ணால் மதிப்பிட்டு மூன்று புள்ளியில் வில்லைப் போட்டிருக்கிறார். அந்தப் பாலிலைனை அப்படியே அலைன்மென்ட் ஆக்கும்போது, கோடும் வில்லும் தொட வேண்டும் என்ற நிபந்தனையை சாஃப்ட்வேர் தானாகப் போட்டுக்கொள்வதில்லை. கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

சிவில் 3டியில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குணம் உண்டு: ஃபிக்ஸட், ஃப்ளோட்டிங், ஃப்ரீ. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஃபிக்ஸட் என்பது தெருவில் யாரோடும் பேசாத ஆள். பக்கத்து வீட்டில் என்ன நடந்தாலும் தன் இடத்திலேயே இருப்பார். ஃப்ளோட்டிங் ஒரு பக்கத்து ஆளின் கையை மட்டும் பிடித்திருக்கிறவர். ஃப்ரீ என்பது இரண்டு பக்கமும் கை கோத்தவர். யார் நகர்ந்தாலும் கூடவே நகர்ந்து தொடுகோட்டைக் காப்பாற்றுவார். பெயரைப் பார்த்தால் ஃப்ரீதான் யாரையும் கண்டுகொள்ளாதவர் போலத் தோன்றும், நிஜத்தில் நேர் எதிர். அக்காவின் கோட்டில் கோடுகள், வளைவுகள் எல்லாமே ஃபிக்ஸட். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று 'எனக்கென்ன' என்று நிற்கிறது.

ஒவ்வொரு முறிவாக இழுத்து ஒட்டப் பார்த்தோம். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது பிரிகிறது. ராத்திரி ஒரு மணிக்கு அக்கா அந்தக் கோட்டை அலைன்மென்ட்டாக வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டாள். அடியில் வெறும் படமாக வைத்துக்கொண்டு, பி.ஐ. முனைகளை மட்டும் எடுத்து, நேர்கோடுகளை முதலில் போட்டு, நடுவில் ஃப்ரீ வளைவுகளை வைத்துப் புதிதாக வரைய ஆரம்பித்தாள். ஒன்பது முக்கோணமும் போயே போச்சு. ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பாதிகூட இதற்கு ஆகவில்லை.

இரண்டாவது தப்பு: இடம் போதவில்லை

மிச்சம் இரண்டு. இவைதான் நிஜமான முக்கோணங்கள். அடுத்தடுத்து, ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமுமாகத் திரும்புகிற இரண்டு வளைவுகள். எஸ் மாதிரி. பழைய வரைபடத்தில் இரண்டுக்கும் ஆரம் 200 மீட்டர். டிரான்சிஷனே கிடையாது.

80 கிலோமீட்டர் வேகத்துக்கு எவ்வளவு ஆரம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 127-ஆல் வகுத்து, அதை இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் மறுபடி வகுக்க வேண்டும். ஒன்று சாலையின் சாய்வு. சமவெளியில் அதிகபட்சம் 7 சதவீதம், அதாவது 0.07. இன்னொன்று டயருக்கும் சாலைக்கும் உள்ள பக்கவாட்டுப் பிடிப்பு. அதற்கு 0.15 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். கூட்டினால் 0.22. 6400-ஐ 127-ஆலும் 0.22-ஆலும் வகுத்தால் 229 சொச்சம் வரும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1980-இல் வெளியிட்ட 73-ஆம் எண் கையேட்டில் 80 கி.மீ.க்கு 230 மீட்டர் என்று இருப்பது இந்தக் கணக்கால்தான். யாரோ மனம்போனபடி எழுதிய எண் இல்லை.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆரம் 200 என்றே விட்டுவிட்டால், 80-இல் வருகிற வண்டிக்குச் சாய்வு போக இன்னும் 0.18 பிடிப்பு வேண்டும். அனுமதித்தது 0.15. அந்த மஞ்சள் முக்கோணம் சொல்வது இதைத்தான். அதை ஆஃப் செய்தால் திரையிலிருந்து முக்கோணம் போகும். டயரிடம் கேட்கிற பிடிப்பு குறைந்துவிடுமா?

சரி, 230 போட்டுவிடலாம் என்று ஆரம்பித்தாள். டிரான்சிஷன் 90 மீட்டர். முதல் வளைவு உட்கார்ந்தது. இரண்டாவதைப் போட்டால் சாஃப்ட்வேர் ஏற்கவே மாட்டேன் என்கிறது. மூடித் திறந்தோம். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தோம். புதுக் கோப்பில் போட்டுப் பார்த்தோம். "சாஃப்ட்வேர்ல ஏதோ பக் போலடா" என்றாள் அக்கா. நானும் தலையாட்டினேன்.

கடைசியில் பேப்பரை எடுத்தோம். முதல் வளைவின் விலகு கோணம் 40 பாகை, இரண்டாவது 36 பாகை. டிரான்சிஷனோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், முதல் வளைவு தன் பி.ஐ. முனையிலிருந்து 129.25 மீட்டர் முன்னதாகவே நேர்கோட்டை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதற்கு 120.21 மீட்டர். கூட்டினால் 249.46. இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கிற நேர்கோட்டின் மொத்த நீளமே 240 மீட்டர்தான்! ஒன்பதரை மீட்டர் பற்றாக்குறை. கையில் 240 ரூபாய் வைத்துக்கொண்டு 249 ரூபாய்க்கு மேல் பில் போட்டால் கடைக்காரர் தருவாரா? சாஃப்ட்வேரில் பக் எதுவும் இல்லை. இல்லாத இடத்தில் வளைவு வைக்கச் சொன்னது நாங்கள்தான்.

பழைய வரைபடத்தில் இது எப்படி உட்கார்ந்தது என்றால், ஆரமும் சின்னது, டிரான்சிஷனும் இல்லை. 138 மீட்டரிலேயே முடிந்துவிட்டது.

மூன்றாவது தப்பு: முக்கோணமே இல்லாதது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்த இரண்டு வளைவுகளை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு மிச்சச் சாலையை முடித்தாள். வேறெங்கும் ஒரு முக்கோணம்கூட இல்லை. எல்லாம் தொடுகோடு, எல்லா ஆரமும் போதுமானது. ஆனால் கடைசியில் ஒரு பாலம் இருக்கிறது. ஏற்கெனவே கட்டி முடித்த பாலம். நம் கோடு அதன் நடுவில் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை. ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளிப் போகிறது.

இங்கே ஆசை காட்டுகிற வழி ரொம்பச் சுலபம். கோட்டின் கடைசி முனையை மவுஸில் பிடித்து இழுத்துப் பாலத்தில் வைத்துவிடலாம். ஐந்து விநாடி. அக்காவும் ஒரு தடவை செய்து பார்த்தாள், பிறகு பின்வாங்கிவிட்டாள்.

எங்கள் கணக்குப் பாடத்தில் ஒரு தந்திரம் உண்டு. இருப்பாய்வில் வருகிற வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கேயோ இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம். 54-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 730-ஐ 370 என்று எழுதினால் 360. அதாவது, வித்தியாசத்தின் அளவே தப்பு எந்த ரகம் என்று காட்டிக்கொடுக்கும். "அக்கா, அந்த ஒன்றே முக்கால் என்ன கணக்குன்னு பாரேன்" என்றேன்.

கடைசி வளைவின் பி.ஐ. முனையிலிருந்து பாலம் 500 மீட்டர் தூரம். 500 மீட்டரில் 1.75 மீட்டர் விலகினால் கோணத்தில் எவ்வளவு? தட்டிப் பார்த்தால் 0.2 பாகை. ஏறக்குறைய அல்ல, கச்சிதமாக. அக்கா பழைய வளைவுப் பட்டியலை எடுத்தாள். மற்ற முனைகளுக்கெல்லாம் ஆயத்தொலைவுகள் இருந்தன. இந்த ஒரு முனைக்கு மட்டும் கோணமும் தூரமும்தான் கொடுத்திருந்தது. கோணம் 24 பாகை 30 கலை. அவள் 24.30 என்று அடித்திருக்கிறாள். கோப்பில் கோணம் தசமப் பாகையில் இருக்கும்படி அமைத்திருந்தது. ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே 30 கலை என்றால் அரைப் பாகை. அடித்திருக்க வேண்டியது 24.50. வித்தியாசம் சரியாக 0.20.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாகை-கலை வடிவத்துக்கு அமைத்திருக்கிற கோப்பில் இதே 24.30 சரியான எண். அதே விசைகள், அதே விரல்கள், அமைப்பு மட்டும் வேறு. தப்பு சாஃப்ட்வேருடையதும் இல்லை, பழைய வரைபடம் போட்டவருடையதும் இல்லை. ராத்திரி பதினொன்றரைக்குத் தூக்கக் கலக்கத்தில் அக்கா செய்தது. அதை அவளே சொன்னாள். எனக்கு அவள் மேல் மரியாதை கூடியது அப்போதுதான்.

முனையை இழுத்து ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தப்பான கோணம் அப்படியே இருக்கும். நேராக ஓட வேண்டிய சாலை தவறான இடத்தில் 500 மீட்டர் ஓடும். அந்தத் தவறான இடத்துக்கு ஏற்றபடி நில அளவு, மண் வேலை, வடிகால் எல்லாம் கணக்காகும். பாலத்தடியில் எதற்கு என்றே தெரியாத ஒரு சின்ன ஒடிசல் நிரந்தரமாக உட்காரும். இருப்பாய்வு பொருந்திவிட்டாலே கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுசெய்திருந்தால் இருப்பாய்வு வாயே திறக்காது. முக்கோணமும் அப்படித்தான். கோடு தனக்குள் ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். சரியான ஊரில் இருக்கிறதா என்று பார்க்காது. அதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். இங்கே பாலம்தான் அந்த சாட்சி.

இது யாருடைய முடிவு?

இப்போது அந்த எஸ் வளைவுக்குத் திரும்புவோம். அங்கே முதல் வளைவின் உள்பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. சர்வே படத்தில் வெறும் சதுரம். மேலே 'வீடு' என்று எழுதியிருக்கிறது.

வழி ஒன்று: 80 கி.மீ.யையே வைத்துக்கொண்டு, முனைகளைத் தள்ளி வைத்து இடம் உண்டாக்கி, 230 மீட்டர் ஆரமும் டிரான்சிஷனும் போடுவது. முனையை நகர்த்துவதற்கு முன்பே, அந்த வளைவைத் தனியாகப் போட்டுப் பார்த்ததில் நடுப்பகுதி மூன்றரை மீட்டர் உள்ளே நகர்ந்தது. திண்ணை மட்டும் அல்ல, முன் அறையும் போகும்.

வழி இரண்டு: அந்த நீளத்துக்கு வேகத்தை 65 ஆக்குவது. அதற்கு 155 மீட்டர் ஆரமே போதும் என்பதால் பழைய 200 தாராளம். 60 மீட்டர் டிரான்சிஷன் வைத்தால் இரண்டு வளைவுக்கும் சேர்த்து 198 மீட்டர்தான் தேவை, 240-க்குள் அடங்கிவிடும். கோடு 80 சென்டிமீட்டர்தான் உள்ளே வரும். ஆனால் ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, வளைவுப் பலகை எல்லாம் வைத்தாக வேண்டும்.

வழி மூன்று: முக்கோணத்தை ஆஃப் செய்வது. வீடு தப்பும், வேகமும் 80 என்றே காகிதத்தில் இருக்கும், பலகையும் வேண்டாம். எல்லாருக்கும் சௌகரியம், அந்த வளைவில் மழை நாளில் வருகிற பஸ்ஸைத் தவிர.

என் கருத்து இதுதான். முக்கோணத்தை மறைப்பதும் ஒரு முடிவுதான். யாருக்கும் தெரியாமல், கையெழுத்து இல்லாமல், ஒரு அறையில் ஒருவர் மவுஸை அழுத்தி எடுக்கிற முடிவு. வீடா வேகமா என்பதைத் தீர்மானிக்கிற உரிமை எட்டு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த அக்காவுக்கும் இல்லை, அவள் சீனியருக்கும் இல்லை, சாஃப்ட்வேருக்கும் இல்லை. அது சாலையைக் கேட்டவர்களுக்கும் அந்த நிலத்துக்காரர்களுக்கும் தெரிந்து எடுக்க வேண்டிய முடிவு.

தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். (அக்காவின் சாலை தேசிய நெடுஞ்சாலை அல்ல, ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறேன்.) 3ஏ பிரிவில் நிலம் எடுக்கப்போவதாக அறிவிப்பு வரும். ஆட்சேபம் சொல்ல 21 நாள். பிறகு 3டி பிரிவில் இறுதி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுக்குப் போய்விடும். அந்த அறிவிப்பில் வருகிற புல எண்கள் எங்கிருந்து வருகின்றன? இந்தக் கோட்டிலிருந்துதான். சிவில் 3டியில் போட்ட கோடு ஒரு நாள் 3டி அறிவிப்பாக வந்து நிற்கும். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஆனால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"இதெல்லாம் பேச நல்லாருக்கும் தம்பி, டெட்லைன் இருக்கும்போது தெரியும்" என்று சிலர் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். சம்பளம் வாங்குகிற இடத்தில் சின்னவர்கள் மறுத்துப் பேசுவது சுலபம் இல்லை. அக்கா மூன்று ராத்திரி தூங்காததற்குக் காரணம் வடிவியல் மட்டும் இல்லை, வேலை போய்விடுமோ என்ற பயமும்தான். சீனியரையும் நான் வில்லனாக்க விரும்பவில்லை. அவர் தலைமேல் அவருக்கொரு சீனியர். மேலும், எல்லா முக்கோணத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதும் உண்மை. மலைப்பாதையிலும் ஊருக்குள்ளேயும் விதிப்படி ஆரம் கிடைக்கவே கிடைக்காத இடங்கள் உண்டு. விலக்கு இல்லாமல் சாலை இல்லை.

ஆனால் விலக்குக்கும் மறைப்புக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு தாள். கம்பெனிக் கணக்குகளின் பின்னால் 'கணக்குகளுக்கான குறிப்புகள்' என்று சில பக்கங்கள் வரும். எந்த முறையைப் பின்பற்றினோம், எங்கே மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று அதில் இருக்கும். சாலை டிசைனுக்கும் அதையே செய்தால் என்ன? 'இந்தச் செயினேஜிலிருந்து இந்தச் செயினேஜ் வரை ஆரம் குறைவு. காரணம் இது. அதற்குப் பதிலாக இன்ன வேகம், இன்ன பலகை' என்று நான்கு வரி. நாங்கள் அதைத்தான் செய்தோம். மூன்றாம் ராத்திரி, ஒரு பக்கத்தில் இரண்டு வழிகளையும் எண்களோடு எழுதினாள். தமிழில் நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் தட்டினாள்.

காலையில் சீனியர் அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தாராம். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாராம் :-) மேலே அனுப்பியிருக்கிறார்கள். 65 கி.மீ. வழியை எடுத்துக்கொண்டு, பலகைகளைத் திட்டத்தில் சேர்த்து, அறிக்கையிலும் அந்த விலக்கை எழுதியாயிற்று.

சிவில் படிக்கிற நண்பர்களுக்கு, ஒரு பி.காம். காரனின் சிபாரிசு

கோடு மக்கர் செய்தால் உடனே சாஃப்ட்வேரைத் திட்டாதீர்கள். வந்த வரைபடத்தை அடியில் படமாக மட்டும் வைத்துக்கொண்டு முனைகளிலிருந்து புதிதாக வரையுங்கள். வளைவு உட்காரவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பேப்பரில் இரண்டு வளைவின் தொடுகோட்டு நீளத்தையும் கூட்டிப் பாருங்கள். கோணம் அடிப்பதற்கு முன்னால் கோப்பு தசமத்தில் இருக்கிறதா, பாகை-கலையில் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கோணம் எதுவும் இல்லை என்றால் அதை நம்பாமல், பாலமோ கல்லோ ஏதாவது ஒரு நிஜமான புள்ளியோடு ஒத்துப்பாருங்கள். தப்பு தெரிகிற இடத்தில் ஒட்டாதீர்கள், பிறந்த இடத்தைத் தேடுங்கள். தேடியும் சரிசெய்ய முடியாததை எழுதிவையுங்கள்.

அந்த ஓட்டு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கோ அக்காவுக்கோ தெரியாது. அவர்களுக்கும் இப்படி மூன்று ராத்திரி போனது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நாளைக்கு அவர்கள் வாசலில் 65 என்று ஒரு பலகை நிற்கும், அவ்வளவுதான்.

காஸ்ட் அக்கவுன்டிங் அசைன்மென்ட் பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். வரட்டுமா?